கோவிவன் என்னும் நாயும் எங்கள் வீட்டு மணியும்

போன தடவை தேர்வு நேரம் என்பதால் எதுவும் எழுத முடியவில்லை. இந்தத் தடவை சொந்தக் கதையில் ஆரம்பித்து வரலாற்றுக்குப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

காரிமங்கலத்தில் எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தான். இருந்தது என்று எழுதுவதுதான் இலக்கணம், ஆனால் கை வரவில்லை. நாட்டு நாய். செவலை நிறம், இடது காது பாதி மடிந்திருக்கும். பதினோரு வருடம் இருந்தான். தை மாதம் செத்துப்போனான். நான் அப்போது ஹாஸ்டலில். ஊருக்கு வருவதற்குள் கொல்லையில் புங்க மரத்தடியில் புதைத்துவிட்டார்கள்.

காரியமெல்லாம் ஒன்றும் கிடையாது. நாய்க்கு யார் செய்வார்கள்? ஆனால் ஒரு வாரம் கழித்து ஆயா என்னைக் கூப்பிட்டு, "அந்தப் போன்ல மணி போட்டோ வச்சிருக்கியே, ஒண்ணு கழுவிக் குடுடா, மாட்டி வைக்கலாம்" என்றார்.

அப்பா சிரித்துவிட்டார். "தாத்தா படத்துக்குப் பக்கத்துல நாய் படமா? ஊர்ல பாத்தா என்ன சொல்லுவாங்க?"

ஆயா பதில் சொல்லவில்லை. எழுந்து மாட்டுக் கொட்டாய்க்குப் போய்விட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நாய்க்கு நினைவுச்சின்னம் வைப்பது அப்படி என்ன நம் ஊரில் இல்லாத வழக்கமா? தேடிப் பார்ப்போம் என்று கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்தேன். கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்லில் எழுதிய பெயர்

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கம் நடுகல் அதிகம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். சண்டையில் செத்த வீரனுக்கு ஊரார் நடும் கல். இந்தப் பகுதியில் பெரும்பாலான சண்டை நாடு பிடிக்க நடந்ததல்ல, மாட்டுக்காக நடந்தது. ஒரு ஊர் மாட்டை இன்னொரு ஊரார் ஓட்டிக்கொண்டு போவார்கள், இவர்கள் துரத்திப் போய் மீட்பார்கள். இலக்கணத்தில் வெட்சி, கரந்தை என்று படித்தோமே, அதுதான். நடுகல் எடுப்பதை தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு கட்டமாகச் சொல்கிறது. கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி, நட்டு, படையல் வைத்து, வாழ்த்துவதில் முடிகிறது.

செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். ஊத்தங்கரை வழியாகப் போனால் நமக்கு ரொம்ப தூரமில்லை. அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில் நட்டது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்தான், அவனுக்கு எடுத்த கல். கல்லில் ஆயுதத்தோடு வீரன் நிற்கிறான். அவனோடு ஒரு நாயும் நிற்கிறது.

சும்மா அழகுக்குச் செதுக்கிய நாய் இல்லை. அதற்கென்றே தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்பது செய்தி. எஜமான் விழுந்த பிறகும் அந்த நாய் இடத்தை விட்டு நகரவில்லை என்று படிக்கும்போதே தெரிகிறது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கல்லில் பெயர் வருவதே பெரிய விஷயம். எத்தனையோ ஆயிரம் மனிதர்கள் பெயர் தெரியாமல் போனார்கள். கோவிவன் பெயர் 1,400 ஆண்டு தாண்டி நூலகத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கிடைத்தது!

கோழியும் காளியும்

இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவலுக்கே ஒரு நடுகல் இருக்கிறது. கோழிச் சண்டையில் செத்த சேவல். கல்லில் வீரன் கிடையாது, சேவல்தான் நிற்கிறது. வட்டெழுத்தில் அது எந்த ஊர் எந்தச் சேரிக் கோழி என்றும் எழுதியிருக்கிறது. எடுத்தனூர் கல்லைவிடப் பழையது.

கர்நாடகத்தில் மண்டியா மாவட்டம் ஆதகூரில் இன்னொரு கல் கிடைத்தது. இதில் நம் வரலாறும் சேர்ந்திருக்கிறது. கி.பி. 949இல் தக்கோலத்தில் பெரிய போர். சோழ இளவரசன் ராஜாதித்தன் அதில்தான் இறந்தான். எதிரணியில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், அவனுக்குத் துணையாக கங்க மன்னன் பூதுகன். பூதுகனின் வீரன் மணலேரா என்பவன் அந்தப் போரில் நன்றாகச் சண்டை போட்டான். மகிழ்ந்துபோன மன்னன் என்ன வேண்டும் கேள் என்றான். மணலேரா கேட்டது என்ன தெரியுமா? காளி என்ற வேட்டை நாய்!

அந்தக் காளியை ஒரு பெரிய காட்டுப்பன்றி மேல் ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று இரண்டுமே விழுந்தன. நாய்க்காக ஆதகூர் கோயில் முன்னால் கல் நட்டு, நிலமும் எழுதி வைத்தார்கள். அந்தக் கல்லுக்குப் பூஜை செய்யாமல் பூசாரி சாப்பிடக் கூடாது என்றும் கட்டளை. கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாயும் பன்றியும் மோதுகிற காட்சி அதில் செதுக்கியிருக்கிறது. ஒரு பேரரசின் போரைப் பற்றி நமக்குச் சொல்லும் முக்கியமான கல்வெட்டு, ஒரு நாய் செத்த துக்கத்தில் எடுத்த கல்.

உலகம் முழுக்கவே இந்தப் பாசம் பழையதுதான். ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் 1914இல் ஒரு புதைகுழியைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 14,000 ஆண்டு பழையது. இரண்டு மனிதர்களோடு ஒரு நாய்க்குட்டி. அதன் பல்லை ஆராய்ந்தபோது, அது கடும் நோயில் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது, யாரோ பார்த்துக்கொள்ளாமல் அவ்வளவு நாள் பிழைத்திருக்க முடியாது என்று தெரிந்தது. நோயாளிக் குட்டியால் வேட்டைக்கு என்ன பிரயோஜனம்? ஆனாலும் பார்த்துக்கொண்டார்கள்.

கேமரா வந்த பிறகு

சரி, போட்டோவுக்கு வருவோம். 1839இல் பிரான்சில் தாகேர் தன் புகைப்பட முறையை வெளியிட்டார். 1856இல் சென்னையிலேயே புகைப்படச் சங்கம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் காலப் படத்துக்கு அசையாமல் நிற்க வேண்டும். மனிதர்களே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். நாய் நிற்குமா? பழைய குடும்பப் படங்களில் நாயின் வால் இருக்கும் இடத்தில் வெறும் புகை மாதிரி இருக்கும். 1888இல் கோடக் கேமரா வந்த பிறகுதான் சாதாரண மக்கள் தாங்களே படம் எடுக்க முடிந்தது.

நம் ஊர் பக்கம் அது வர இன்னும் ரொம்ப நாள் ஆயிற்று. ஃபிலிம் ரோல் காலத்தில் மொத்தம் 36 படம். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஹால் டிக்கெட், அவ்வளவுதான். நாய்க்கு யார் ஃபிலிமைச் செலவு செய்வார்கள்?

எங்கள் வீட்டில் ஒரு பழைய படம் உண்டு. அப்பாவின் காதுகுத்தில் எடுத்தது. தாத்தா நாற்காலியில், ஆயா பக்கத்தில் நின்றபடி, அப்பா மொட்டைத் தலையோடு. படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்பு நாயின் பாதி உடம்பு. யாரும் அதைப் படம் எடுக்க நினைக்கவில்லை, அதுவாக வந்து விழுந்திருக்கிறது. அந்த நாய் பெயர் என்ன என்று ஆயாவைக் கேட்டேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கறுப்பனா... வீரனா... ஞாபகம் வரலடா. நல்ல நாயி" என்றார்.

நண்பர்களே, எனக்கு உறைத்தது இங்கேதான். எடுத்தனூர் நாயின் பெயர் தெரிகிறது, எங்கள் வீட்டு நாயின் பெயர் தெரியவில்லை. அப்பா பிறந்த பிறகு எங்கள் வாசலைக் காத்த நாய் அது!

நடுகல்லிலும் இந்தக் கதி உண்டு. நம் பகுதியில் எழுத்தில்லாத, எழுத்து தேய்ந்த நடுகல் நிறைய. அவற்றை இன்று வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிடுகிறார்கள். பொங்கல் வைக்கிறார்கள், மாலை போடுகிறார்கள். ஆனால் அவன் யார், எந்த மாட்டுக்காகச் செத்தான் என்பது போய்விட்டது. உருவம் மட்டும் போதாது, பக்கத்தில் நாலு எழுத்து வேண்டும்.

ஆயா தேர்ந்தெடுத்த படம்

என் போனில் மணியின் படம் முந்நூறுக்கு மேல் இருந்தது. ஒன்றிலும் ஒரு வார்த்தை எழுதவில்லை. தேதியைப் போன் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். போன் தண்ணீரில் விழுந்தால் அதுவும் போச்சு.

நல்லதாக ஒன்று எடுத்து ஆயாவிடம் காட்டினேன். கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டி, நாக்கைத் தொங்கப்போட்டு, சிரிப்பது மாதிரி. எல்லாரும் லைக் போட்ட படம். ஆயா பார்த்துவிட்டு, "இது யாரு வீட்டு நாயோ மாதிரி இருக்குது" என்றார். அடுத்தது, அடுத்தது என்று தள்ளிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நிறுத்தினார். சாயங்காலம் இருட்டில் எடுத்தது. மாட்டுக் கொட்டாய் வாசலில் மணி படுத்திருக்கிறான். முகம் சரியாகத் தெரியவில்லை. தெருப்பக்கம் தலையைத் தூக்கி எதையோ பார்க்கிறான். நான் அழிக்க மறந்த படம்.

"இதான் மணி" என்றார்.

செவ்வாய்ச் சந்தையில் மாடு வாங்கி வந்தால் அன்று ராத்திரி முழுக்க அந்தப் புது மாட்டுக்குப் பக்கத்தில்தான் மணி படுப்பான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆயாவுக்கு அதுதான் மணி. எனக்கோ அவன் லீவுக்கு வந்தால் விளையாடும் நாய். நான் என் சந்தோஷத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அவன் வேலையை எடுக்கவில்லை. 1,400 வருடத்துக்கு முன் எடுத்தனூர்க்காரர்கள் நாயின் முகத்தோடு விடவில்லை. பெயரையும் அது செய்த வேலையையும் எழுதினார்கள். ஆயா எந்தப் புத்தகமும் படிக்காமல் அதையே செய்தார்.

இதை எழுதும்போது ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்கிறது. கடைசி நாட்களில் சாப்பிடாமல் கிடந்தவனைப் பார்க்க நான் வரவில்லை. போட்டோ அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் போனில் ஆயாவே எடுத்து அனுப்பினார். பாதிப் படம் அவர் கட்டைவிரல். அதை இன்னும் இரண்டாவது தடவை திறந்து பார்க்கவில்லை. படம் இருந்தால் போய்ப் பார்த்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை.

தர்மபுரியில் கொடுத்துப் பெரிய சைஸில் பிரிண்ட் போட்டேன். ஃபிரேமுக்குள் வைக்கும் முன் பின்பக்கம் பேனாவில் எழுதினேன்: மணி. காரிமங்கலம். பதினோரு வருடம் மாட்டுக் கொட்டாயைக் காத்தான்.

எங்கே மாட்டுவது என்று நான் அப்பாவைக் கேட்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் அவரே கொட்டாய்த் தூணில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். தாத்தா படத்துக்குப் பக்கத்தில் இல்லை. மணி படுக்கும் இடத்துக்கு மேலே.

உங்கள் வீட்டுப் பழைய படங்களை ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு நாயோ பூனையோ கன்றுக்குட்டியோ நிற்கும. அதன் பெயர் தெரிந்த பெரியவர் இன்னும் இருந்தால், கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள்.