தோற்றவர் பெயரில் ஒரு தொடக்கம்

சதுரங்கம் ஆடுபவரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கு ஒரு கேள்வி. தோற்றுப்போன ஒருவரின் பெயர் ஒரு தொடக்க முறைக்கு நிலைத்துவிட்டது என்றால் நம்புவீர்களா?

1918 அக்டோபர் 23. நியூயார்க் நகரில் ஒரு போட்டி. வெள்ளைக் காய்களுடன் கியூபா நாட்டின் காப்பாபிளாங்கா. கறுப்புக் காய்களுடன் அமெரிக்கரான ஃபிராங்க் மார்ஷல். 1909இல் இவர்கள் மோதிய தொடரில் காப்பாபிளாங்கா 8 ஆட்டங்களை வென்றிருந்தார். மார்ஷலுக்குக் கிடைத்ததோ ஒரே வெற்றி.

ஆட்டம் ‘ரூய் லோப்பஸ்’ முறையில் தொடங்கியது. 1561இல் சதுரங்க நூல் ஒன்றை வெளியிட்ட ஸ்பானியப் பாதிரியாரின் பெயர் இது. எட்டாவது நகர்த்தலில் மார்ஷல், ராணியின் முன் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அடுத்து நடந்த வெட்டுகளில் கறுப்புக்கு ஒரு சிப்பாய் நட்டம். நட்டத்துக்கு ஈடு என்ன? நேரம்! வெள்ளையின் ராணிப் பக்கத்துக் காய்கள் இன்னும் வீட்டைவிட்டு நகரவில்லை. கறுப்புக் காய்களோ வெள்ளை ராஜாவின் மீது பாயத் தயாராக இருந்தன.

இது வீட்டில் தயாரித்த பொறி என்பது காப்பாபிளாங்காவுக்குப் புரிந்தது. ஆயினும் அவர் ஒதுங்கவில்லை. சிப்பாயை வெட்டினார், தாக்குதல் புயலாக வந்தது. முன்தயாரிப்பு ஏதுமின்றிச் சரியான விடைகளை ஒவ்வொன்றாகப் பலகையிலேயே கண்டு, 36ஆவது நகர்த்தலில் வென்றார்.

இந்தப் பொறியை மார்ஷல் பல ஆண்டுகள் இரகசியமாகக் காத்து வைத்திருந்தார் என்று சொல்வார்கள். ஆனால் 1917லேயே வேறொருவருடன் ஆடிய ஆட்டத்தில் அவர் இதைக் கையாண்டிருக்கிறார். சுவையான கதையையும் சான்றோடு உரசிப் பார்க்கவேண்டும் அல்லவா?

அப்படியானால் மார்ஷலின் கருத்தே தவறா? இல்லை. அன்று அவர் 11ஆவது நகர்த்தலில் நடுவிலிருந்த குதிரையைப் பின்வாங்கினார். பின்னாளில் ஆட்டக்காரர்கள் குதிரையை அங்கேயே நிறுத்தி, ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி அதற்கு முட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சிறு திருத்தத்தால் தாக்குதல் உயிர் பெற்றது. 1965இல் டாலுடன் மோதிய தொடரில் ஸ்பாஸ்கி இதைப் பலமுறை ஆடினார், தொடரையும் வென்றார். இன்று ‘மார்ஷல் தாக்குதல்’ வராமல் தடுப்பதற்கென்றே வெள்ளைக்குத் தனி வழிகள் இருக்கின்றன.

மாணவ நண்பர்களே, ஆய்வுக்கூடத்திலும் இப்படித்தான். ஒரு சோதனை தோற்றால், தோற்றது கருத்தா அல்லது அதில் ஒரு படியா என்று பாருங்கள். தவறு ஒரு படியில் என்றால், அதை மட்டும் மாற்றி மீண்டும் தொடங்குங்கள்.