கர்ப்பகால ஈறு நோய்ச் சிகிச்சை

பற்களைத் தாங்கும் ஈறிலும் எலும்பிலும் கிருமிகளால் உண்டாகும் அழற்சிக்குக் கர்ப்பிணிகளுக்கு அளிக்கப்படும் சிகிச்சை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் மிகுவதால் ஈறு எளிதில் வீங்கும். பல் துலக்கும்போது இரத்தம் கசியும்.

முற்றிய ஈறு நோய்க்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று 1996இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் ஆஃபன்பாக்கர் குழுவினர் எழுதினர். ஈறிலுள்ள கிருமிகளும் அழற்சிப் பொருள்களும் இரத்தத்தின் வழியே நஞ்சுக்கொடியை எட்டக்கூடும் எனக் கருதப்பட்டது. அப்படியானால் ஈறைக் குணப்படுத்தினால் குறைப்பிரசவம் குறையுமா? அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளிடம் நடந்து, 2006இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பிரிவினருக்குக் கர்ப்பத்தின் 21ஆம் வாரத்துக்கு முன்பும், மற்றவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின்பும் ஈறுக்கு அடியில் படிந்த காரை அகற்றப்பட்டது. முதல் பிரிவினரின் ஈறு நலம் தெளிவாக மேம்பட்டது. ஆனால் குறைப்பிரசவம் முதல் பிரிவில் 12.0 சதவீதம், இரண்டாவதில் 12.8 சதவீதம், பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இதைத் தோல்வி எனச் சொல்வது தவறு. சிகிச்சையால் தாய்க்கோ கருவுக்கோ தீங்கு கூடவில்லை என்பது அதே ஆய்வில் தெரிந்தது. பிள்ளை பிறக்கட்டும் என்று வலியையும் இரத்தக் கசிவையும் பொறுத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு இது மிக முக்கியமான செய்தி. காரையை அகற்றும் ஸ்கேலிங்கைச் செய்துகொள்ள நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். கருவின் பற்களில் கறை படியவைக்கும் டெட்ராசைக்ளின் வகைக் கிருமிக்கொல்லி மருந்துகள் தவிர்க்கப்படுகின்றன.