திரைக்கு முன்னால ராமாயணம், பின்னால மராட்டி

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

திருமங்கலம் பக்கம் எங்க அம்மாச்சி ஊரு. அறுப்பு முடிஞ்சு களம் காலியானதும் தோல்பாவைக்கூத்துக்காரங்க வந்து கொட்டகை போடுவாங்க. வெள்ளை வேட்டிய இழுத்துக் கட்டி, பின்னாடி ஒரு குண்டு பல்பு (அதுக்கு முன்னாடி பெட்ரோமாக்ஸ், அதுக்கும் முன்னாடி எண்ணெய் விளக்கு). ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா. பத்து ராத்திரி ராமாயணம், கடைசி நாள் பட்டாபிஷேகம். அது முடிஞ்சா மழை வரும்னு ஊர்ல நம்பிக்கை.

எங்களுக்கு ராமனாவது ராவணனாவது! உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் எப்ப வருவாங்கன்னுதான் காத்துக்கிட்டு இருப்போம். ராமாயணத்துக்கு நடுவுல புகுந்து உள்ளூர் பெரிய மனுசன வரைக்கும் நக்கலடிக்கிற ஆளுங்க.

ஒரு ராத்திரி திரைக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தேன். ஒரே ஆள்தான். ராமன், சீதை, கூனி எல்லாத்துக்கும் அவரே குரல் மாத்திப் பேசுறார், பாடுறார், ரெண்டு கையிலயும் பாவைய ஆட்டுறார். பாவைய வரிசைப்படி எடுத்துக் கொடுத்தது அவர் வீட்டம்மா. அவங்ககிட்ட திரும்பி என்னமோ சொன்னார். தமிழ் இல்ல! தெலுங்கும் இல்ல. மறுபடி திரையப் பார்த்துத் திரும்பினதும் சுத்தத் தமிழ்ல தசரதன் புலம்பல்.

அது மராட்டின்னு தெரிஞ்சது ரொம்ப வருசம் கழிச்சுத்தான். தமிழ்நாட்டுல தோல்பாவை ஆட்டுற மண்டிகர் சமூகத்துக்காரங்க வீட்டுல பேசுறது ஒரு வகை மராட்டி. பேருக்குப் பின்னாடி 'ராவ்' போட்டுக்கிறவங்க நிறைய. தஞ்சாவூர்ல மராட்டியர் ஆட்சி 1676ல ஆரம்பிச்சு 1855 வரைக்கும் இருந்துச்சு. அந்தக் காலத்துல வந்தவங்கன்னு சொல்லுவாங்க. ஆந்திராவுல தோலு பொம்மலாட்டம், கர்நாடகாவுல தொகலு கொம்பெயாட்டம், ரெண்டையும் ஆட்டுறவங்கள்லயும் மராட்டி பேசுறவங்க உண்டு. பாவைய மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு தெற்கே இறங்கி, போன ஊர் பாஷையில எல்லாம் ராமன பேச வச்சிருக்காங்க.

இதுல தமாஷ் என்னன்னா, பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்கள்ல நடக்குற தோல்பாவைக்கூத்துல பாடுறது நம்ம கம்பராமாயணம். அங்க கூத்துமாடம்னு தனிக் கட்டடமே உண்டு. தேங்காய் மூடியில 21 விளக்கு வரிசையா ஏத்துவாங்க. ஆட்டுறவங்களுக்குப் பேரே புலவர். பார்க்க ஒரு ஆள் இல்லன்னாலும் கூத்து நடக்கும், ஏன்னா அது அம்மனுக்காக. கம்பன மலையாள தேசத்துல காப்பாத்துறாங்க, தமிழ் கிராமத்துல ராமாயணம் சொன்னது மராட்டிக்காரங்க. நாம என்ன பண்ணோம்? வேர்க்கடலை தின்னோம் :-)

நம்ம ஊர் ஆட்டக்காரருக்கு அம்மன் ஆடியன்ஸா இல்லையே, சனம் காசு குடுத்தாத்தான் சோறு. சினிமா வந்துச்சு, டிவி வந்துச்சு. கொட்டகையில கூட்டம் நிக்கணும்னா நடுவுல சினிமாப் பாட்டுக்கு ஆடணும்னு ஆச்சு. ராமாயணத்துக்குக் கூட்டம் குறைஞ்சா நல்லதங்காள் போடுவாங்க. ஏழு பிள்ளைகளையும் அவ கிணத்துல போடுற இடத்துல பொம்பளைங்க அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு. அந்தக் கிணறுன்னு வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்துல காட்டுறாங்க, எங்க ஊர்ல இருந்து ரொம்ப தூரம் இல்ல. நிழல் பொம்மைக்கு அழுதவங்களுக்கு அது பக்கத்து ஊர் சமாச்சாரம்.

மதுரையில 1978ல 'நிஜ நாடக இயக்கம்' ஆரம்பிச்ச மு.ராமசாமி இந்தக் கூத்த ஆராய்ச்சி பண்ணிப் புத்தகமே எழுதினார் ('ஜோக்கர்', 'கே.டி.' படத்துல பார்த்திருப்பீங்களே, அவரேதான்). கிரேக்க நாடகம் 'ஆன்டிகனி'ய 'துர்க்கிர அவலம்'னு தமிழ்ல கொண்டு வந்தவர். நவீன நாடகக்காரர் ஒருத்தர் நம்ம கொட்டகைய மதிச்சுத் தேடிப் போனதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஜாவாவுல இதே மாதிரி வயாங் கூலித். அங்கயும் 'தலாங்'னு ஒரே ஆள்தான் விடிய விடிய அத்தனை குரலும் குடுக்குறார், பின்னாடி கமேலன் வாத்தியக் கோஷ்டி. வயாங்குக்கு 2003ல யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைச்சிருச்சு. யூடியூப்ல பார்த்தப்ப, சட்டுனு குரல் மாத்துற அந்த இடத்துல எனக்கு எங்க ஊர்க்காரர்தான் தெரிஞ்சார். அவர் பேரைக் கூட நான் கேட்டு வச்சுக்கல.

அம்மாச்சிகிட்ட அன்னிக்கே போய்ச் சொன்னேன், "அம்மாச்சி, அவுக நம்ம பாஷை பேசல."

"தெரியும்டா. அவுக வீட்டம்மா நேத்து நம்ம வீட்டுலதான் குழம்பு வாங்கிட்டுப் போச்சு."

உங்க ஊர்ல கடைசியா எப்ப கொட்டகை போட்டாங்க?