எல்லோரும் வாசிக்கக்கூடிய ஸ்லைட்கள்: இணையவழிக் கூட்டம் நடத்துவோர் கவனிக்க வேண்டியவை

காணி விடுவிப்பு, இழப்பீடு, காணாமலாக்கப்பட்டோர் விவகாரம், வாழ்வாதாரப் பயிற்சி என வடக்கு கிழக்கு மக்கள் தொடர்பான கலந்துரையாடல்கள் பல கொவிட் காலத்திலிருந்து இணையத்திலும் நடக்கின்றன. சூம் இணைப்பு வரும். வளவாளர் பவர்பொயின்ட் ஸ்லைட்களைத் திரையில் பகிர்வார். "இதில் நீங்கள் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைட்டுக்குப் போய்விடுவார்.

ஷெல் வீச்சில் பார்வையை இழந்தவர், குண்டுச் சத்தத்தில் செவிப்புலன் குறைந்தவர், மிதிவெடியில் கையை இழந்தவர், தலைக்குள் உலோகத் துண்டோடு வாழ்பவர் ஆகியோரும் அந்தக் கூட்டங்களுக்கு வர உரித்துடையவர்கள். அங்கு பேசப்படுவது அவர்களுடைய விடயமும்தான். ஸ்லைட் தயாரிக்கப்பட்ட விதத்தினாலேயே அவர்கள் வெளியே நிற்க வேண்டியிருந்தால், அந்தக் கலந்துரையாடலை மக்களின் கருத்தறியும் கூட்டம் என்று சொல்வது கடினம். இதைச் சரிசெய்யப் பெரிய செலவு தேவையில்லை.

பகிரப்பட்ட திரை வெறும் படம்

பார்வையற்றவர்கள் கணினியையும் கைத்தொலைபேசியையும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் உதவியோடு பயன்படுத்துகிறார்கள். திரையிலுள்ள எழுத்துகளை அது குரலில் வாசித்துக்காட்டும். ஆண்ட்ரொயிட் தொலைபேசிகளில் டோக்பேக், ஐபோன்களில் வொய்ஸ்ஓவர் ஆகியவை ஏற்கனவே இருக்கின்றன. விண்டோஸ் கணினிகளுக்கு என்விடிஏ இலவசமாகக் கிடைக்கிறது. அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் அதைத் தொடங்கினார். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும்.

ஆனால், சூமில் பகிரப்படும் திரை ஒரு காணொளியாகவே மற்றவர்களைச் சென்றடைகிறது. அதிலுள்ள எழுத்துகளைத் திரைவாசிப்பானால் வாசிக்க முடியாது. ஆகவே, ஸ்லைட் கோப்பைக் கூட்டத்துக்கு முன்னதாகவே பங்கேற்பாளர்களுக்கு அனுப்ப வேண்டும். ஸ்லைட்டைத் தொலைபேசியில் படம்பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுவதாலும், அச்சிட்டு ஸ்கான் செய்து அனுப்புவதாலும் பயனில்லை, அவையும் படங்களே. பிடிஎப் ஆக அனுப்புவதென்றால் பவர்பொயின்டின் 'சேவ் அஸ்' வழியாகச் சேமியுங்கள். 'பிரின்ட்' வழியாக பிடிஎப் ஆக்கினால் தலைப்பு, பட்டியல் போன்ற அமைப்புத் தகவல்கள் தொலைந்துவிடும்.

பாமினியில் தட்டிய 'காணி'

தமிழ் ஸ்லைட்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. எமது அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நிறுவனங்களிலும் பாமினி எழுத்துரு நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது. பாமினியில் 'காணி' என்று தட்டினால் கணினிக்குள் பதிவாவது எஃப், எச், இசட், பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். தமிழ் வடிவம் அவற்றின்மேல் போர்த்தப்பட்ட தோற்றம் மட்டுமே. கண்ணால் பார்ப்பவர் 'காணி' என்று வாசிப்பார். திரைவாசிப்பானைக் கேட்பவருக்கோ பொருளில்லாத ஆங்கில ஒலிகளே கேட்கும்.

தமிழில் ஆவணம் தாருங்கள் என்று அரசிடம் பல தசாப்தங்களாகக் கேட்டுவரும் சமூகம் நாம். பாமினியில் தயாரிக்கப்பட்ட கோப்பு, எம்மிடையே வாழும் பார்வையற்ற ஒருவருக்குத் தமிழில் கிடைத்த ஆவணமாகாது.

இதைக் கண்டறிவது எளிது. ஸ்லைட்டிலிருந்து ஒரு வரியைப் பிரதி செய்து வட்ஸ்அப் செய்தியில் ஒட்டிப்பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் அது யுனிகோட். ஆங்கில எழுத்துகளாக மாறினால் பாமினி அல்லது அதுபோன்ற பழைய எழுத்துரு. பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. புதிதாகத் தயாரிப்பவர்கள் லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யுனிகோட் எழுத்துருக்களைப் பயன்படுத்தலாம்.

தயாரிக்கும்போது

ஒவ்வொரு ஸ்லைட்டுக்கும் தனித்தலைப்பு இடுங்கள். பார்வையற்றவர் தலைப்புகளைக் கொண்டே தாம் எங்கே நிற்கிறார் என்பதை அறிகிறார். பவர்பொயின்ட் தரும் 'லேஅவுட்' பெட்டிகளுக்குள் எழுதுங்கள். விரும்பிய இடத்திலெல்லாம் புதுப் பெட்டிகளை வைத்தால் வாசிப்பு ஒழுங்கு குழம்பிவிடும். முடிவுரையை முதலில் வாசித்து, தலைப்பைக் கடைசியில் வாசிக்கும் நிலைகூட வரலாம்.

எழுத்து குறைந்தது 18 புள்ளி அளவில் இருக்க வேண்டும் என மைக்ரோசொப்ட் பரிந்துரைக்கிறது. பலர் சிறிய தொலைபேசித் திரையில் பார்ப்பதால் தமிழுக்கு 24 அல்லது அதற்கு மேல் நல்லது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டியின் அளவுகோல். வெள்ளையில் கறுப்பு இதை எளிதில் தாண்டும். வெள்ளையில் மஞ்சளோ இளஞ்சாம்பலோ தாண்டாது.

'ரிவியூ' பகுதியில் உள்ள 'செக் அக்சசிபிலிட்டி' விடுபட்டவற்றைச் சுட்டிக்காட்டும். ஆனால், எழுத்து பாமினியா, பட விளக்கம் பொருத்தமானதா என்பவற்றை அது சொல்லாது. அவற்றை மனிதர்தான் பார்க்க வேண்டும்.

படங்களும் வரைபடங்களும்

படத்தின்மேல் வலது பக்கச் சொடுக்குப் போட்டால் 'அல்ட் டெக்ஸ்ட்' என்ற தெரிவு வரும். படத்தின் விளக்கத்தை அங்கே ஓரிரு வசனங்களில் எழுதலாம். பவர்பொயின்ட் தானாக எழுதித்தரும் ஆங்கில விளக்கத்தை நம்பியிருக்க வேண்டாம். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய தொடர் போராட்டத்தின் படமொன்றுக்கு "பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள்" என்ற விளக்கம் போதாது. "காணாமலாக்கப்பட்ட தமது பிள்ளைகளின் படங்களை ஏந்தியபடி வீதியோரக் கொட்டகையில் அமர்ந்திருக்கும் தாய்மார்" என்றால்தான் அந்தப் படம் அங்கே ஏன் இருக்கிறது என்பது விளங்கும்.

காணி வரைபடங்களில் விடுவிக்கப்பட்ட பகுதியைப் பச்சையிலும் படையினர் வசமுள்ள பகுதியைச் சிவப்பிலும் காட்டினால், நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியக்கூடும். நிறத்தோடு கோடுகளையும் பெயர்களையும் சேருங்கள். கிராம சேவகர் பிரிவு, உறுதி இலக்கம், ஏக்கர் போன்ற விபரங்களை எழுத்திலும் தாருங்கள்.

ஷெல் சத்தம், இரத்தம், உடல்கள் கொண்ட காணொளிகள் தானாக ஓடும்படி வைக்காதீர்கள். என்ன வரப்போகிறது என்பதை முதலில் சொல்லி, பார்க்க விரும்பாதவர் விலகியிருக்க நேரம் கொடுங்கள். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னும் காட்சிகள் சிலருக்கு வலிப்பை ஏற்படுத்தலாம். தலையில் காயமடைந்தவர்கள் உள்ள அவையில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

பேசும்போது

"இங்கே", "இந்தச் சிவப்புக் கோடு" என்று சுட்டுவது பார்வையற்றவருக்கு எதையும் சொல்லாது. ஸ்லைட்டின் இலக்கத்தையும் தலைப்பையும் கூறி, அதிலுள்ள முக்கிய விடயங்கள் அனைத்தையும் வாயால் சொல்லுங்கள். தொலைபேசி வழியாகக் குரலை மட்டும் கேட்பவருக்கும் இது உதவும்.

செவிப்புலன் இழந்தவர்கள் எல்லோருக்கும் சைகைமொழி தெரியும் என்று எண்ணிவிட முடியாது. வளர்ந்த பின்னர் போரில் கேட்கும் திறனை இழந்தவர் பெரும்பாலும் எழுத்தையே நம்பியிருப்பார். சூமில் ஒருவரை உபதலைப்பு தட்டச்சு செய்பவராக நியமிக்க முடியும். சைகைமொழிப் பெயர்ப்பாளர் இருந்தால் அவருடைய முகமும் கைகளும் எப்போதும் திரையில் தெரிய வேண்டும். கை இழந்தவர்களுக்கும் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பதிலளிக்கக் கூடுதல் நேரம் தேவைப்படலாம். அரை நிமிடத்தில் வாக்களிக்கச் சொல்லி அவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கேட்பதற்கு உரிமை உண்டு

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் உள்ளது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. தகவல்களையும் தொடர்பாடல் தொழில்நுட்பங்களையும் ஏனையோருக்குச் சமமாக அணுகுவதற்கு வழிசெய்ய வேண்டும் என அதன் 9ஆவது உறுப்புரை அரசுகளைக் கோருகிறது. காணாமல் போனோர் அலுவலகம், இழப்பீடுகளுக்கான அலுவலகம் போன்ற அரச கட்டமைப்புகள் இந்தக் கடப்பாட்டுக்கு வெளியே இல்லை. மக்களின் பெயரில் நிதி பெற்று இயங்கும் தொண்டு நிறுவனங்களும் புலம்பெயர் அமைப்புகளும் இதே அளவுகோலால் தம்மை அளந்துபார்க்க வேண்டும்.

கூட்ட அழைப்பிதழில் ஒரு வரி சேர்த்தால் போதும்: "கலந்துகொள்வதற்கு உங்களுக்கு ஏதாவது வசதி தேவையா? ஒரு கிழமைக்கு முன்னர் அறியத்தாருங்கள்." அந்த வரி இல்லாத அழைப்பு வந்தால், கோப்பை முன்கூட்டியே யுனிகோடில் அனுப்புமாறு எழுதிக் கேளுங்கள். காயப்பட்டவர் மட்டும் கேட்க வேண்டும் என்றில்லை. அவரோடு அதே கூட்டத்தில் இருக்கும் யாரும் கேட்கலாம்.