முகம் மறையாத கமரா

முக்காலியில் நிறுத்தும் பழைய கமராவில் தகட்டைச் செருகியதும், எதிரிலிருப்பவர் முகம் படமெடுப்பவரின் கண்ணாடித் திரையிலிருந்து மறைந்துவிடும். அக்குறையைப் போக்கியது அமெரிக்கக் கிராஃபிளெக்ஸ். அதனுள் சாய்ந்து நிற்கும் ஆடி, மேற்புறத் தோற்கூண்டினுள் உருவைக் காட்டும்; விசையை அழுத்தியதும் மேலெழுந்து ஒளிக்கு வழிவிடும். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், வறுமையில் வாடிய தாயொருத்தியின் முகத்தை டொரொத்தியா லாங் பதிந்தது இக்கருவியினாலேயே.

இன்று இதனை நாடுவோர் சுழலும் பின்புறமுடையதைத் தெரிந்தெடுப்பது நன்று. கருவியைச் சாய்க்காமலே நெடும்படம் எடுக்கலாம். துணித்திரையில் ஊசித்துளையும் இருத்தலாகாது. ஆடி எழ இடம் வேண்டுமாதலால் குறுங்குவிய வில்லை பொருந்தாது. நெடுங்குவிய வில்லையே வேண்டும். முகத்திற்கும் அதுவே உகந்தது. விலகி நின்று எடுப்பதால் மூக்குப் பெருத்துத் தோன்றாது. அதற்கென வில்லைப் பலகையை மட்டும் புதிதாகச் செய்தல் போதும். உடலை வெட்டினால், பழைய கருவி மீளாது.