பழைய கார் நிறுத்தினாலும் 'உர்ர்ர்'னு கத்துதா? ஸ்குரூவைத் திருகுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கடலூர்ல இருந்து கிளம்பி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர்னு சுமார் 45 கி.மீ. ஓட்டி சிதம்பரம் வந்துட்டீங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பழைய மாருதி 800. ரோட்டுல சமர்த்தா வந்த வண்டி, கீழ வீதிக்குள்ள நுழைஞ்சதும் வேலையைக் காட்டுது. ஆக்ஸிலரேட்டர்ல கால் இல்லை. ஆனா, யாரோ ரேஸ் கொடுக்குற மாதிரி இன்ஜின் கத்துது. கிளட்ச்சை லேசா விட்டதும் வண்டி முன்னாடி பாயுது. எதிர்ல பூக்கூடையோட ஒரு அம்மா, அவங்க பின்னாடி கோயிலுக்கு வந்த கூட்டம்!

இதைத்தான் மெக்கானிக் பாஷையில 'ஸ்லோ ஏறிடுச்சு'ன்னு சொல்வாங்க. அதாவது, ஐடிலிங் வேகம் அதிகமா இருக்கு. பெட்ரோல் வீணாகும், கிளட்ச் தேயும்ங்கிறதெல்லாம் அப்புறம். நெரிசலான தெருவுல, நீங்க கேட்காமலே வண்டி நகரப் பார்க்குதுங்கிறதுதான் முதல் ஆபத்து.

பட்டறையில நிறைய பேருக்குக் கிடைக்கிற வைத்தியம், ஸ்குரூ டிரைவரை எடுத்து ஸ்லோ ஸ்குரூவை ரெண்டு சுத்து திருகுறது. சத்தம் குறையும், நீங்களும் சந்தோஷமா கிளம்பிடுவீங்க. ஆனா, காய்ச்சல் ஏன் வந்துச்சுன்னு பார்க்காம தெர்மாமீட்டரை ஒளிச்சு வைக்கிற கதைதான் அது!

எல்லாம் காத்து பண்ற வேலை!

பெட்ரோல் இன்ஜினோட வேகத்தைத் தீர்மானிக்கிறது அதுக்குள்ள போற காற்று. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா, த்ராட்டில்ங்கிற கதவு திறந்து காற்று உள்ளே போகும். அதுக்கு ஏத்த மாதிரி பெட்ரோலும் சேரும். காலை எடுத்ததும் கதவு மூடிக்கும். இன்ஜின் அணையாம இருக்க ஒரு சின்ன வழியில மட்டும் கொஞ்சம் காற்று போகும். அதுதான் ஐடிலிங்.

ஆக, கால் எடுத்த பிறகும் இன்ஜின் வேகமா ஓடினா, கூடுதல் காற்று எங்கேயோ உள்ளே போகுதுன்னு அர்த்தம். கதவு சரியா மூடலையா, சுவத்துல ஓட்டையா, இல்ல இன்ஜினோட கம்ப்யூட்டரே தப்பான தகவலை நம்பி காற்றைத் திறந்துவிடுதா? இந்த மூணு கேள்வியை வரிசையா கேட்டா, பாதி நோய் தெரிஞ்சிடும்.

எது நார்மல்?

பெரும்பாலான பெட்ரோல் கார்கள் சூடான பிறகு 700 முதல் 900 ஆர்.பி.எம்-ல நிற்கும். உங்க வண்டிக்கான சரியான அளவு ஓனர்ஸ் மேனுவல்லயோ, பானட்டுக்கு அடியில இருக்கிற ஸ்டிக்கர்லயோ இருக்கும். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் 1,200 முதல் 1,500 வரை போய், சில நிமிஷத்துல இறங்கினா பயப்படாதீங்க, அது இயல்பு. ஏ.சி போட்டதும் கொஞ்சம் ஏறுறதும் அப்படித்தான். சூடாகி பத்து நிமிஷம் ஆகியும், ஏ.சி அணைச்சும், 1,200-க்குக் கீழே இறங்கலைன்னாதான் பிரச்னை.

'என் வண்டியில ஆர்.பி.எம் மீட்டரே இல்லையே?' மாருதி 800 மாதிரி வண்டிகளோட பல மாடல்கள்ல அது கிடையாது. ஆன்லைன்ல விக்கிற ஓ.பி.டி ப்ளூடூத் கருவியை வாங்கிடலாம்னு தோணும். அவசரப்படாதீங்க. நம்ம நாட்டுல ஓ.பி.டி-2 கட்டாயமானது 2013-லதான். அதுக்கு முந்தைய பல வண்டிகள்ல அந்தக் கருவி பேசாது.

அதுக்குப் பதிலா ஒரு வழி இருக்கு. ஆள் நடமாட்டமே இல்லாத சமதளமான இடத்துல, முதல் கியர்ல கிளட்ச்சை முழுசா விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாம வண்டியை ஓட விடுங்க. கால் பிரேக் மேல தயாரா இருக்கட்டும். பக்கத்துல இருக்கிற நண்பர் போன்ல ஜி.பி.எஸ் வேகத்தைப் பார்க்கட்டும். சின்ன கார் ஒரு ஆள் நடக்குற வேகத்துல, அதாவது மணிக்கு 5, 6 கி.மீ-ல ஊர்ந்தா சரி. 10-ஐத் தாண்டி ஓடினா, ஸ்லோ நிச்சயமா ஏறியிருக்கு.

எப்போ ஏறுது? முதல்ல அதைக் கவனிங்க!

மூணு நாள் போன்ல குறிச்சு வைங்க. சத்தத்தை வீடியோ எடுங்க. மெக்கானிக் முன்னாடி நிக்கும்போது மட்டும் வண்டி நல்ல பிள்ளையா நடிக்கும். அப்போ அந்த வீடியோதான் சாட்சி.

* எப்பவும் ஒரே அளவா அதிகம்: கேபிள் இறுக்கம், காற்றுக் கசிவு, இல்லைன்னா ஏற்கெனவே திருகப்பட்ட ஸ்குரூ.
* ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விட்ட பிறகு மெதுவா இறங்குது: ஒட்டிக்கிற கேபிள், அழுக்கு பிடிச்ச த்ராட்டில்.
* ஏறி இறங்கி, ஏறி இறங்கி 'ஊஞ்சல்' ஆடுது: காற்றுக் கசிவு அல்லது ஐடில் வால்வு.
* சூடான பிறகும் குளிர்ல இருக்கிற மாதிரியே ஓடுது: கூலன்ட், தெர்மோஸ்டாட், டெம்பரேச்சர் சென்சார்.
* பிரேக் மிதிச்சா சத்தம் மாறுது: பிரேக் பூஸ்டர். இதைத் தள்ளிப்போடவே கூடாது!

1. கதவு மூடுதா? செலவே இல்லாத சோதனை

இன்ஜினை அணைங்க. முதல்ல கால்மிதியைப் பாருங்க. புதுசா வாங்கின தடிமனான மேட், பெடல் மேல ஏறி அழுத்திட்டு இருக்கலாம். சிரிப்பா இருந்தாலும் இது நிஜமாவே நடக்குது.

அடுத்து பானட்டைத் திறங்க. நண்பரை ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு விடச் சொல்லுங்க. த்ராட்டில் லீவர் 'டக்'குனு பழைய இடத்துக்குத் திரும்பணும். சோம்பலா வந்தாலோ, பாதியில நின்னாலோ கேபிள்தான் காரணம். தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டைன்னு கடலோரத்துலயே நிக்கிற வண்டிகளுக்கு உப்புக்காத்து சும்மா விடாது. கேபிளோட உள்கம்பி துருப்பிடிச்சு உறைக்குள்ள உரசும். கேபிள்ல கொஞ்சம்கூடத் தொய்வு இல்லாம விறைப்பா இருந்தாலும் கதவு முழுசா மூடாது. பிரிஞ்ச கேபிளை எண்ணெய் விட்டு ஓட்டாதீங்க, மாத்திடுங்க.

சோக் குமிழ் வெச்ச கார்புரேட்டர் காரா? குமிழ் முழுசா உள்ளே போயிருக்கான்னு பாருங்க. குமிழ் உள்ளே போனாலும், அந்தக் கேபிள் மறுமுனையில ஒட்டிக்கிட்டு இருக்கலாம்.

2. சுவத்துல ஓட்டையா?

இன்ஜின் மேல இருந்து கிளம்புற ரப்பர் ஹோஸ்கள்தான் அடுத்த சந்தேகம். பதினைஞ்சு, இருபது வருஷ வெயில்ல ரப்பர் அப்பளம் மாதிரி ஆகிடும். லேசா வளைச்சுப் பார்த்தாலே விரிசல் தெரியும். மழைக்காலத்துல வயல்ல தண்ணி ஏறினா எலிகள் சூடான இன்ஜினைத் தேடி வரும். சிதம்பரம் சுத்துவட்டாரக் கிராமங்கள்ல வண்டி நிறுத்துறவங்க, கடிபட்ட அடையாளம் இருக்கான்னு கட்டாயம் பாருங்க.

இன்ஜின் ஓடும்போது காதைத் தீட்டுங்க. 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம் வந்தா, அந்த இடத்துல காற்று உள்ளே உறிஞ்சப்படுது. இன்டேக் மேனிஃபோல்டு சேரும் இடத்துல, சோப்புத் தண்ணியை பிரஷ்ல தொட்டு வைங்க. இன்ஜின் சத்தம் மாறினா கேஸ்கெட் கசியுது. ஸ்பார்க் பிளக் ஒயர் பக்கம் தண்ணி படக் கூடாது. வீடியோக்கள்ல சிலர் கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ தெளிச்சு சோதிப்பாங்க. சூடான இன்ஜின் மேல அதைச் செய்யவே செய்யாதீங்க, தீப்பிடிக்கும்!

கையோட பெட்ரோல் ஹோஸையும் பாருங்க. இப்போ வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலை நினைச்சுப் பழைய வண்டியோட ரப்பர் செய்யப்படலை. ஈரமோ வாசனையோ இருந்தா அன்னைக்கே மாத்திடுங்க.

பிரேக் பூஸ்டர்: இங்கேதான் உயிர் இருக்கு

பிரேக் பெடலை லேசா மிதிச்சாலே வண்டி நிக்கிறதுக்குக் காரணம், இன்ஜின் உறிஞ்சும் விசையில வேலை செய்ற பூஸ்டர். அதோட தடிமனான ஹோஸோ, உள்ளே இருக்கிற ரப்பரோ கிழிஞ்சா, ரெண்டு விஷயம் ஒண்ணா நடக்கும்: ஸ்லோ ஏறும், பிரேக் கல்லு மாதிரி ஆகும். ஓட வேண்டாத நேரத்துல ஓடும், நிக்க வேண்டிய நேரத்துல நிக்காது.

சோதிக்கிறது சுலபம். இன்ஜினை அணைச்சிட்டு, பெடல் கெட்டியாகும் வரை நாலஞ்சு தடவை மிதிங்க. காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா கீழே இறங்கினா பூஸ்டர் வேலை செய்யுது. இறங்கலைன்னாலோ, மிதிக்கும்போது இன்ஜின் வேகம் மாறினாலோ, வண்டியை ஓட்டிட்டுப் போகாதீங்க. மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்க.

ஸ்குரூவைத் திருகி சத்தத்தை மட்டும் குறைச்சிருந்தா, இந்த எச்சரிக்கையே உங்க காதுல விழுந்திருக்காது.

3. கம்ப்யூட்டர் ஏமாறுதா?

1983-ல வந்த மாருதி 800, 2014-ல உற்பத்தி நிற்கும் வரை 796 சி.சி, மூணு சிலிண்டர்தான். ஆனா நடுவுல கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ வந்துடுச்சு. எம்.பி.எஃப்.ஐ வண்டிகள்ல ஐடிலிங்கைப் பார்த்துக்கிறது ஒரு குட்டி வால்வு. அதுல கரி படிஞ்சு திறந்த நிலையிலேயே மாட்டிக்கிட்டா ஸ்லோ ஏறும். த்ராட்டில் பாடியையும் வால்வையும் அதுக்கான கிளீனர்ல சுத்தம் பண்ணினாலே பல வண்டிகள் சரியாகிடும். பேட்டரியைக் கழட்டி மாட்டியிருந்தா, ஐடிலிங் பழைய நிலைக்கு வரக் கொஞ்ச தூரம் ஓட வேண்டியிருக்கலாம்.

அடுத்தது கூலன்ட் சென்சார். இன்ஜின் சூடாகிட்டாலும் 'இன்னும் குளிர்தான்'னு அது பொய் சொன்னா, கம்ப்யூட்டர் பாவம் நம்பிடும். வேகமும் குறையாது, பெட்ரோலும் கூடுதலா போகும். சைலென்ஸர்ல பெட்ரோல் வாசனை, மைலேஜ் சரிவு இருந்தா இதைச் சந்தேகப்படுங்க. டாஷ்போர்டு முள் ஒழுங்கா ஏறுதேன்னு இதை விட்டுடாதீங்க. பல பழைய வண்டிகள்ல முள்ளுக்குத் தனி சென்சார், கம்ப்யூட்டருக்குத் தனி சென்சார். கூலன்ட் குறைஞ்சிருந்தாலும் சென்சார் தப்பா சொல்லும். ஆனா, இன்ஜின் நல்லா ஆறின பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கணும்.

கடலூர் மாவட்டத்துக்குன்னு ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2011 தானே புயல், 2015 வெள்ளம்னு தண்ணியைப் பார்த்த ஊர் இது. பழைய கார் வாங்குறப்ப சென்சார் கனெக்டர்களைக் கழட்டிப் பாருங்க. பின்கள்ல பச்சைப் பூப்பு இருந்தா, அந்த வண்டி எப்பவோ நனைஞ்சிருக்கலாம்.

அப்போ ஸ்குரூ எதுக்கு?

கார்புரேட்டர் வண்டியில ஸ்லோ ஸ்குரூவுக்கு வேலை உண்டு. ஆனா எல்லாத்தையும் சரிபண்ணின பிறகு, கடைசியா. எம்.பி.எஃப்.ஐ வண்டியில த்ராட்டிலைத் தாங்குற ஸ்குரூ கம்பெனியிலேயே செட் பண்ணினது. அதுல இருக்கிற பெயின்ட் அடையாளம் உடைஞ்சிருந்தா, உங்களுக்கு முன்னாடி யாரோ கை வெச்சிருக்காங்க. ஓட்டையை விட்டுட்டு ஸ்குரூவை இறக்கினா, காலையில குளிர்லயோ ஏ.சி போடும்போதோ வண்டி அணையும். அதுக்காக மறுபடியும் திருகுவாங்க. முடிவே இருக்காது.

ஓடும்போதே ரேஸ் ஏறினா?

பதறாதீங்க. பிரேக்கை அழுத்தமா மிதிங்க, கிளட்ச்சையும் மிதிச்சு நியூட்ரலுக்கு மாத்துங்க. இன்ஜின் கத்தினா கத்தட்டும். ஓரமா நிறுத்திட்டு, அப்புறம் சாவியைத் திருப்புங்க. ஓடும்போது சாவியை உருவினா ஸ்டீயரிங் லாக் ஆகிடும்!

15 வருஷம் தாண்டி ஆர்.சி புதுப்பிக்கப் போறீங்கன்னாலும், புகைப் பரிசோதனைக்குப் போறீங்கன்னாலும் இதை முன்னாடியே சரிபண்ணிடுங்க. புகையை ஐடிலிங்லதான் அளப்பாங்க.

அடுத்த தடவை பட்டறைக்குப் போனா, 'ஸ்லோ குறைச்சுக் கொடுங்கண்ணே'ன்னு கேட்காதீங்க. 'அண்ணே, ஸ்குரூவைத் தொடாதீங்க. காத்து எங்கே போகுதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க'ன்னு கேளுங்க. நல்ல மெக்கானிக்கா இருந்தா, சிரிச்சுக்கிட்டே பானட்டைத் திறப்பார்.