மூடிய தண்டும் திறந்த தண்டும்: ஓசூர்ப் பகுதியில் வேளாண் இயந்திரப் பாதுகாப்பு

டிராக்டரின் பின்புறத்திலிருந்து கருவிகளுக்கு விசை தரும் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். நொடிக்கு ஒன்பது. சுற்றளவு 25 செ.மீ. உள்ள தண்டில் முந்தானை நுனி சிக்கினால், ஐந்தரை மீட்டர்ச் சேலையும் மூன்று நொடிக்குள் சுருண்டுவிடும். பக்கத்திலிருப்பவர் கத்தி, ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, இன்ஜினை நிறுத்த அந்த நேரம் போதாது. விபத்துக்குக் காரணம் உழவரின் கவனக்குறைவே என்ற வழக்கமான விளக்கம் இந்தக் கணக்கின் முன் நிற்பதில்லை.

ஓசூரின் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற ஆலைகள் வளர்ந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ். அதன் 21ஆம் பிரிவு, இயந்திரத்தின் ஆபத்தான சுழல் பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்றது. தடுப்பு அங்கே நிர்வாகத்தின் கடமை. தொழிலாளியின் சமர்த்துக்கு விடப்பட்ட காரியமல்ல. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை ராகிக் காடுகள் இருக்கின்றன. ஒரே வீட்டில் ஒருவர் ஆலைக்கும் இன்னொருவர் களத்துக்கும் போகிறார்கள். ஆலையில் மூடிக்கிடக்கும் தண்டு களத்தில் திறந்தே சுற்றுகிறது.

ஏன் திறந்திருக்கிறது? பழுது பார்க்கவும் கிரீஸ் வைக்கவும் கழற்றிய உறையைத் திரும்ப மாட்டுவதில்லை என்பது பாதி விடை. மீதி, வாடகையில் இருக்கிறது. கதிரடிக்கும் இயந்திரம் மணிக்கணக்கில் வாடகைக்கு வருகிறது. கதிர் அடைத்துக்கொண்டால் இன்ஜினை அணைத்துவிட்டு எடுப்பதுதான் முறை. ஆனால் அணைத்து வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவருடைய பணம். அடுத்த களத்தில் வேறொருவர் காத்திருக்கிறார். எனவே ஓடும் இயந்திரத்துக்குள் கை போகிறது. அந்தக் கைக்கு விழிப்புணர்வு முகாம் நடத்துவது, முகாம் நடத்துபவருக்கு மட்டுமே வசதி.

சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கதிரடிக்கும் இயந்திரங்களை மனத்தில் வைத்தே 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. டிராக்டர் முதலிய விசைக் கருவிகளால் நடக்கும் விவசாய வேலையை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே தன் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆனால் இழப்பீடு கை போன பிறகு வருவது. தமிழகத்தின் உழவர் பாதுகாப்புத் திட்டத்து விபத்து உதவியும் அப்படித்தான். விவசாயப் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 184ஆம் உடன்படிக்கை 2001இல் நிறைவேறியது. இந்தியா அதை ஏற்கவில்லை.

விபத்துகளின் கணக்கும் குழப்பம்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கையில் ‘தொழிற்சாலை, இயந்திர விபத்து’ என்று ஒரு தலைப்பு உண்டு. அதற்குள் களத்து மரணம் எது, ஆலை மரணம் எது என்று பிரித்தறிய வழியில்லை. சாலையில் கவிழும் டிராக்டரோ போக்குவரத்து விபத்தாகிவிடும்.

மனிதரைத் திருத்துவதை விட்டுக் கருவியைத் திருத்தியவர்களும் இருக்கிறார்கள். வட இந்தியக் கிராமங்களில் விவசாயக் காயங்களை ஆராய்ந்த டெல்லி ஐ.ஐ.டி.யின் தினேஷ் மோகன் குழு, தீவனம் வெட்டும் இயந்திரத்தின் கத்திக்கு மறைப்பு, வேலையில்லாதபோது சக்கரத்தைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு என்று வடிவத்தையே மாற்ற முயன்றது. வீட்டு முற்றத்தில் நிற்கும் இயந்திரத்தில் குழந்தைகள் விளையாடுவார்கள் என்பதை அவர்கள் குற்றமாகப் பார்க்கவில்லை. வடிவமைப்பாளர் எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஓசூர் இருக்கும், மாடு வளர்ப்பு மிகுந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது நேராகப் பொருந்தும். ஸ்வீடன் 1959இலேயே, கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காதபடி காக்கும் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. அஞ்செட்டிப் பக்கத்துச் சரிவுகளில் உழும் டிராக்டருக்கும் அதே சட்டகம் தேவை.

அரசின் கையில் ஒரு பிடி ஏற்கெனவே இருக்கிறது. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் மானியமும், வாடகை மையங்களும், இ-வாடகைச் செயலியும் வேளாண் பொறியியல் துறை வழியாகத்தான் நடக்கின்றன. மானியத் தொகையை விடுவிக்கும் முன் தண்டுக்கு உறை இருக்கிறதா என்று பார்ப்பதும், வாடகை இயந்திரத்தின் உறையை ஒவ்வொரு பருவத்திலும் சோதிப்பதும் புதிய சட்டம் கேட்கும் வேலைகள் அல்ல. பழைய இயந்திரங்களும், கர்நாடகத்தின் ஆனேக்கல் பக்கமிருந்து எல்லை தாண்டி வாடகைக்கு வருபவையும் இந்தப் பிடிக்குள் வராமல் நழுவும். அவற்றுக்குத்தான் 1983ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டும். மத்தியச் சட்டம் என்பதால் அத்திபெலே சோதனைச்சாவடி அதற்கு எல்லையாகாது.